பாஸா, பாதிக் கட்டண அட்டையா? சுவிட்சர்லாந்தை ரயிலில் சுற்ற ஒரு கணக்கு

போன வாரம் அக்கா போனில் கேட்டாள்: "டிக்கெட் எல்லாம் போட்டாச்சு. அந்த சுவிஸ் டிராவல் பாஸை வாங்கிடட்டுமா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க." நான் உடனே பதில் சொல்லவில்லை. "எத்தனை நாள், எந்தெந்த ஊர், யார் யார் வர்றீங்கன்னு எழுதி அனுப்பு" என்றேன். அவளுக்கு எரிச்சல். பாஸ் வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டால் வீட்டுப்பாடம் கொடுக்கிறானே என்று.

எல்லாரும் சொன்னதைக் கேட்டு முதல் தடவை நான் வாங்கியதே அந்தப் பாஸைத்தான். எனக்கும் அம்மாவுக்குமாக இரண்டு, எட்டு நாளுக்கு. அந்த எட்டில் நான்கு நாள் லவுட்டர்புருனன் பள்ளத்தாக்கை விட்டு நாங்கள் நகரவே இல்லை. முந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற ஸ்டாப்பாக் அருவிக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்குப் பாஸ் எதற்கு? ஊருக்குத் திரும்பி ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதில் தெரிந்ததுதான் இந்தக் கட்டுரை.

கார் வேண்டுமா என்ற கேள்வியை முதலிலேயே தள்ளிவிடலாம். செர்மாட் என்ற மலையூருக்குள் வெளியார் கார் போகாது, கீழே டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு ரயில்தான் ஏற வேண்டும். வெங்கன், மூரென் என்ற மலையூர்களுக்கும் அதே கதை. பார்க்கப் போகிற இடத்துக்கே கார் போகாது என்றால் அதற்கு வாடகை கொடுத்து என்ன பயன்? ஏஜென்சி பஸ்ஸில் கூட்டமாகப் போவது வேறு வகைப் பயணம். அதை நான் குறை சொல்லவில்லை. சாப்பாட்டுக் கவலை கிடையாது, பெட்டியை அவர்களே ஏற்றி இறக்குவார்கள். ஆனால் மலை மூடியிருக்கிற நாளில் "நாளைக்குப் போகலாம்" என்று சொல்ல முடியாது. சுவிட்சர்லாந்தில் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அதிக மதிப்பு.

அதைச் சொல்ல முடிவது அங்குள்ள கால அட்டவணையால்தான். 1982 முதல் நாடு முழுக்க ரயில்கள் ஒரே தாளத்தில் ஓடுகின்றன. ஒரு ஊரில் 10:04-க்கு வண்டி என்றால் 11:04-க்கும் 12:04-க்கும் உண்டு, பல தடங்களில் அரை மணிக்கு ஒன்று. பெரிய சந்திப்புகளில் நாலா பக்கத்திலிருந்தும் வண்டிகள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்து, சில நிமிடம் நின்று, ஒன்றாகப் பிரியும். இறங்கினால் மலை ரயிலோ மஞ்சள் போஸ்ட் பஸ்ஸோ காத்திருக்கும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரப் போகிறது, அவ்வளவுதான். சாதாரண டிக்கெட்டும் குறிப்பிட்ட வண்டிக்கு என்று கிடையாது, அந்தத் தடத்தில் அன்றைக்கு எதிலும் ஏறலாம்.

அம்மாவுக்கு ரயில்களைவிட நிலையத்துக் கடிகாரம்தான் பிடித்துப்போயிற்று. 1944-இல் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் வடிவமைத்தது. வெள்ளை முகம், கறுப்புக் கோடுகள், பிற்பாடு சேர்த்த ஒரு சிவப்பு நொடி முள். அந்த முள் நிமிடம் முடியச் சற்று முன்பே ஒரு சுற்றை முடித்துக்கொண்டு பன்னிரண்டின் மேல் வந்து நின்றுவிடும். ஒன்றரை நொடி அசையாது. நிமிட முள் டக்கென்று ஒரு கட்டம் தாவியதும் மறுபடி கிளம்பும். "இதுவும் நம்மளை மாதிரி மூச்சு வாங்குது பாரு" என்றார். ஸ்பீட்ஸில் அதைப் பார்த்துக்கொண்டே நின்று எங்கள் வண்டியை விட்டுவிட்டோம்.

சரி, கணக்குக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து போகிறவர் முன்னால் முக்கியமாக இரண்டு வழி. ஒன்று சுவிஸ் டிராவல் பாஸ். குறிப்பிட்ட நாட்களுக்கு ரயில், பஸ், ஏரிக் கப்பல், 90-க்கு மேற்பட்ட ஊர்களின் டிராம், டவுன் பஸ் எல்லாம் அதில் அடங்கும். ஐந்நூறுக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் அனுமதி உண்டு. இன்னொன்று சுவிஸ் ஹாஃப் ஃபேர் கார்டு, அதாவது பாதிக் கட்டண அட்டை. ஒரு மாதம் செல்லும். டிக்கெட்டை ஒவ்வொரு தடவையும் வாங்க வேண்டும், ஆனால் பாதி விலைக்கு.

2025-இல் இரண்டாம் வகுப்புப் பாஸ் 3 நாளுக்கு 244 பிராங்க், 4 நாளுக்கு 295, 6 நாளுக்கு 379, 8 நாளுக்கு 419, 15 நாளுக்கு 459. அட்டை 120. ஒரு பிராங்க் நம் பணத்தில் நூறு ரூபாய்க்கு மேல், ஆகவே இது சில்லறை விஷயமில்லை. விலை மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் போகிற சமயத்து விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளுங்கள்.

பாஸ் விலையிலிருந்து அட்டை விலையைக் கழியுங்கள். 6 நாளுக்கு 379-இல் 120 போனால் 259. அட்டைக்காரர் பாதிதான் கொடுக்கிறார் என்பதால் இதை இரண்டால் பெருக்குங்கள்: 518. பாஸ் முழுதாகத் தாங்குகிற பயணங்களின் முழுக் கட்டணம் அந்த ஆறு நாளில் 518 பிராங்கைத் தாண்டினால் பாஸ் லாபம், தாண்டாவிட்டால் அட்டை லாபம். நாளொன்றுக்கு 86. 3 நாள் பாஸுக்கு இது 83 ஆகிறது, 4 நாளுக்கு 87.50, 8 நாளுக்கு 75. ஆனால் 15 நாள் பாஸில் வெறும் 45! எட்டிலிருந்து பதினைந்துக்குப் போக 40 பிராங்க்தான் கூடுகிறது. இரண்டு வாரம் சுற்றுகிறவர் அநேகமாகக் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் வாங்கலாம். ஆறு நாளில் போய்வருகிறவர்தான் யோசிக்க வேண்டியவர், நம்மூரிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ரகம்.

நாளுக்கு 86 பிராங்க் என்றால் எவ்வளவு ஊர் சுற்றல்? சூரிக்கிலிருந்து லூசெர்னுக்கு முழுக் கட்டணம் 27 பிராங்க் அளவில் வரும். லூசெர்னிலிருந்து இன்டர்லாக்கனுக்கு 35-க்குள். ப்ரூனிக் கணவாயைப் பல்சக்கரத்தில் ஏறி இறங்கும் இந்த இரண்டு மணி நேரப் பயணம், காசு கொடுத்துப் பார்க்கிற காட்சிகள் பலவற்றைவிட அழகு. இன்டர்லாக்கனிலிருந்து செர்மாட் 80-ஐ ஒட்டி. ஆக, ஊர்விட்டு ஊர் போகிற நாளிலேகூட 86-ஐத் தொடுவது அவ்வளவு சுலபமில்லை.

"மலைக்குப் போறதெல்லாம் சேர்த்தா தொட்டுடாதா?" என்று அக்கா கேட்டாள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பாஸ் இருந்தால் மலையுச்சி ரயில் எல்லாம் இலவசம் என்று நினைப்பு. அப்படி இல்லை. ரிகி, ஸ்டான்சர்ஹோர்ன், ஸ்டூஸ் மூன்றும் இலவசம். மூரெனும் பாஸில் அடக்கம். ஆனால் பிலாட்டஸ், டிட்லிஸ், செர்மாட்டிலிருந்து 3,089 மீட்டர் உயரத்துக்கு ஏறும் கோர்னர்கிராட் இவற்றுக்குப் பாஸிலும் பாதிக் காசு, அட்டையிலும் பாதிக் காசு. அங்கே இரண்டும் சமம். எல்லாரும் போக ஆசைப்படுகிற யுங்ஃப்ராவ்யோக் இருக்கிறதே, 3,454 மீட்டரில் மலையைக் குடைந்து 1912-இல் கொண்டுபோன ரயில் நிலையம், அங்கே நிலைமை தலைகீழ். பாஸ் உங்களை கிரின்டல்வால்ட் வரைக்கும் அல்லது வெங்கன் வரைக்கும் கொண்டுவிடும். அதற்கு மேலே 25 சதவீதக் கழிவுதான். அட்டைக்கோ மேலேவரை பாதி! கோடையில் இன்டர்லாக்கனிலிருந்து போய்வர 200 பிராங்கைத் தாண்டுகிற டிக்கெட் அது, ஆகவே இந்த ஒரு நாளிலேயே அட்டைக்காரர் ஐம்பது பிராங்க் பக்கம் முந்திவிடுகிறார்.

நம்மவர்கள் வழக்கமாகப் போடுகிற ஆறு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். சூரிக் விமான நிலையத்தில் இறங்கி லூசெர்ன். மறுநாள் கப்பலும் ரிகியும். மூன்றாம் நாள் இன்டர்லாக்கன், மாலையில் மூரென். நான்காம் நாள் யுங்ஃப்ராவ்யோக். ஐந்தாம் நாள் செர்மாட். ஆறாம் நாள் கோர்னர்கிராட் பார்த்துவிட்டு சூரிக் திரும்புவது. இதில் பாஸ் தாங்குகிற பகுதிகளின் முழுக் கட்டணத்தைக் கூட்டினால் 450 பக்கம் வருகிறது. 518-ஐ எட்டவில்லை. அதோடு யுங்ஃப்ராவ்யோக் வித்தியாசத்தையும் சேர்த்தால் தலைக்கு எண்பது பிராங்க் அளவுக்கு அட்டை மலிவு. இதே ஆறு நாளில் யுங்ஃப்ராவ்யோக்கை விட்டுவிட்டு செர்மாட்டிலிருந்து சென்ட் மோரிட்ஸ், அங்கிருந்து எல்லை தாண்டி இத்தாலியின் திரானோ என்று கிழக்கே இழுத்தால் கணக்கு அப்படியே புரண்டுவிடும். செர்மாட்–சென்ட் மோரிட்ஸ் தடம் மட்டுமே 150-ஐத் தாண்டும். அப்போது பாஸ்தான்.

ஆகவே உங்கள் நாட்களை இனம்பிரியுங்கள். நாட்டைக் குறுக்கே வெட்டிப் போகிற நாள் பாஸ் நாள். கப்பலும் ரிகியும் சேர்ந்த நாளும் பாஸ் நாள். பெரிய மலை ஏறுகிற நாள் அட்டை நாள். ஒரே பள்ளத்தாக்கில் நடந்து திரிகிற நாளுக்கு இரண்டும் தேவையில்லை. எங்கள் எட்டு நாளில் பாஸ் நாள் மூன்றே மூன்று.

அந்த ரிகி நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லூசெர்ன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சாலைக்கு அந்தப் பக்கம் கப்பல்துறை. துடுப்புச் சக்கரம் வைத்த பழைய நீராவிக் கப்பல்கள் ஐந்து இன்னும் அந்த ஏரியில் ஓடுகின்றன, எங்களுக்கு வாய்த்தது அதில் ஒன்று. தளத்தின் நடுவே திறந்துவைத்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்தால் கீழே எண்ணெய் பூசிய பளபளவென்ற இரும்புக் கைகள் மாறி மாறி உந்துகின்றன. சூடான எண்ணெய் வாசம், பழைய அரிசி மில்லுக்குள் நுழைந்த மாதிரி. வெளியே பனிமலை, பச்சைத் தண்ணீர் எல்லாம் இருக்க, அம்மா அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விட்ஸ்னவ்வில் இறங்கினால் எதிரிலேயே ரிகி ரயில். 1871-இல் ஓடத் தொடங்கியது, ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். உச்சியிலிருந்து மறுபக்கம் ஆர்ட்-கோல்டாவுக்கு இறங்கி, அங்கிருந்து சாதாரண ரயிலில் லூசெர்ன் திரும்பினோம். கப்பல், மலை ரயில் இரண்டு, திரும்பும் ரயில் எல்லாம் சேர்த்து அன்றைக்குப் பாஸைக் காட்டியதோடு சரி.

பெயர் பெற்ற சுற்றுலா ரயில்களில் ஏறுவதா, சாதாரண வண்டியில் போவதா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். கிளேசியர் எக்ஸ்பிரஸ் செர்மாட்டிலிருந்து சென்ட் மோரிட்ஸுக்கு எட்டு மணி நேரம் போகிறது. 291 பாலம், 91 சுரங்கம், நடுவில் 2,033 மீட்டரில் ஓபரால்ப் கணவாய். பெயர் எக்ஸ்பிரஸ், வேகம் நம்மூர் பாசஞ்சர். கூரை வரை வளைந்த கண்ணாடி, உட்கார்ந்த இடத்துக்கே சாப்பாடு. ஆனால் பாஸோ அட்டையோ எது இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாக ஐம்பது பிராங்க் அளவுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அதே தண்டவாளத்தில் சாதாரண வண்டிகளும் ஓடுகின்றன. ஆண்டர்மாட், டிசென்டிஸ் என்று சில இடங்களில் மாற வேண்டும், முன்பதிவு வேண்டாம். பெட்டி படுக்கையோடு, வயதானவரோடு போனால் ஐம்பதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்காருவேன். தனியாகப் போனால் சாதாரண வண்டிதான், நடுவில் ஆண்டர்மாட்டில் இறங்கி ஒரு காப்பி குடிக்கலாமே.

பெர்னினா தடத்தில் எனக்குத் தயக்கமே கிடையாது: சாதாரண வண்டி. சென்ட் மோரிட்ஸிலிருந்து 2,253 மீட்டர் உயரத்துக்கு ஏறி, 429 மீட்டரில் இருக்கும் இத்தாலிய ஊரான திரானோவுக்கு இறங்குகிற தடம் இது. வழியில் ப்ரூசியோவில் ரயில் வட்டமடித்துத் தான் வந்த பாதைக்கு அடியிலேயே புகுந்து போகும். சுற்றுலா வண்டியின் பெரிய கண்ணாடி திறக்காது, எடுக்கிற படத்தில் உங்கள் சட்டையும் விழும். சாதாரண வண்டியில் சில பெட்டிகளில் ஜன்னலை இறக்கலாம். நடுக்கோடையில் கூரையே இல்லாத மஞ்சள் பெட்டிகளை வேறு சேர்க்கிறார்கள். வேண்டிய நிலையத்தில் இறங்கி அடுத்த வண்டியில் தொற்றிக்கொள்ளலாம். திரானோ இத்தாலி என்பதால் பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்கட்டும்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேர் கவனிப்பதில்லை. சேவர் டே பாஸ் என்று ஒரு நாள் சீட்டு. ஆறு மாதம் முன்பிருந்தே விற்கிறார்கள், முந்தினால் மலிவு. 2025-இல் தொடக்க விலை 52 பிராங்க், பாதிக் கட்டண அட்டை இருந்தால் 29. அந்த நாள் முழுக்க நாடெங்கும் ஓடலாம். செர்மாட்டிலிருந்து சென்ட் மோரிட்ஸுக்கு அட்டையை வைத்து 75-க்கு மேல் கொடுப்பதற்குப் பதில் 29-இல் போய்விடலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? ஆனால் தேதி மாற்ற முடியாது, பணமும் திரும்பாது. ஊர்மாறும் நாள் எப்படியும் மாறாது, அதற்கு இது சரி. மலைக்கு மட்டும் எதையும் முன்கூட்டி வாங்காதீர்கள். காலையில் எழுந்து உச்சியின் வெப்கேமைப் பார்த்துவிட்டு வாங்கினால் போதும். இருநூறு பிராங்க் கொடுத்து மேகத்துக்குள் நிற்பவர்களை யுங்ஃப்ராவ்யோக்கில் தினமும் பார்க்கலாம்.

வட்டாரப் பாஸ்களும் உண்டு. இன்டர்லாக்கன் பக்கத்திலேயே ஒரு வாரம் தங்கி தினம் ஒரு மலை ஏறுகிறவருக்கு பெர்னர் ஓபர்லாண்ட் பாஸைப் பார்க்கச் சொல்வேன். அதைவிட முக்கியம், விடுதியில் இலவசமாகக் கொடுக்கிற விருந்தினர் அட்டை. டிசினோ மாநிலத்தில் தங்கினால் மாநிலம் முழுக்க ரயிலும் பஸ்ஸும் அதிலேயே அடங்கிவிடும். லூசெர்ன், பெர்ன், பாசல் ஊர்களில் உள்ளூர்ப் போக்குவரத்து. பெர்னில் அந்தச் சீட்டை வைத்துத்தான் யூரோப்பாப்ளாட்ஸுக்கு டிராமில் போனோம். பல சமயத்தார் ஒரே கூரையின் கீழ் வழிபடுகிற கட்டடம் அங்கே இருக்கிறது, 2014-இல் திறந்தது. அதற்குள் ஈழத்தமிழர் நடத்தும் சைவக் கோயில். வெளியே டிராம் மணி, உள்ளே தேவாரம்.

ஈழத்தமிழர் என்றதும் நினைவு வருகிறது. இன்டர்லாக்கன் ஓஸ்டிலிருந்து கிளம்புகிற மலை ரயில் ட்ஸ்வைலுட்ஷினன் என்ற சின்ன நிலையத்தில் இரண்டாகப் பிரியும். பாதி லவுட்டர்புருனனுக்கு, பாதி கிரின்டல்வால்டுக்கு. பெட்டியின் பலகையில் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது. நான் பார்க்கவில்லை. ஜன்னலோரம் காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டோம். அம்மாவோடு நான் பேசுவதைக் கேட்டு எதிர் இருக்கைக்காரர் கேட்டார்: "தம்பி, எங்க போறியள்?" லவுட்டர்புருனன் என்றேன். "இது கிரின்டல்வால்டுக்கெல்லோ போகுது. இறங்கி மற்றப் பெட்டிக்கு ஓடுங்கோ. அம்மா மெதுவா வரட்டும், பெட்டியை நான் தூக்கிறன்." ட்ஸ்வைலுட்ஷினன் நிலைய மேடையில் மூன்று பேரும் ஓடினோம். இருபது வருடமாக அந்தப் பள்ளத்தாக்கில் ஹோட்டல் சமையலறையில் வேலையாம். பெயர் கேட்பதற்குள் வண்டி பிரிந்துவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் கையில் எது இருக்கிறது என்பதும் ஒரு கணக்குத்தான். பாஸ் இருந்தால் தப்பான வண்டியில் போனாலும் திரும்பி வந்தால் போயிற்று. அட்டை இருந்தால் செல்லாத தடத்தில் உட்கார்ந்திருக்கிறோமே என்று வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அங்கே டிக்கெட் இல்லாமல் மாட்டினால் மன்னிப்பு கிடையாது, அபராதம். சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலியில் ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு என்ற வசதி வந்தபின் இந்தப் பயம் பெரிதும் குறைந்துவிட்டது. போன பாதைக்கு அதுவே காசு கழித்துக்கொள்ளும். இருந்தாலும் போனைத் தட்டுவதே தொல்லை என்கிறவருக்கு, மழை வந்தால் எந்தப் பஸ்ஸிலாவது ஏறிவிடுகிறவருக்கு, எண்பது பிராங்க் கூடக் கொடுத்துப் பாஸ் வாங்குவது வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

அக்காவின் பட்டியல் நேற்று வந்தது. ஏழு நாள், அவளும் மாமாவும் பத்தும் பதின்மூன்றும் வயதான இரண்டு பிள்ளைகளும், கூடவே அம்மா. லூசெர்னில் இரண்டு நாள், வெங்கனில் நான்கு நாள், ஒரு யுங்ஃப்ராவ்யோக். பிள்ளைகளுக்குக் காசே இல்லை: 16 வயதுக்குள் இருந்தால், தாயோ தகப்பனோ பாஸோ அட்டையோ வைத்திருந்தாலே இலவசக் குடும்ப அட்டை கொடுக்கிறார்கள், கேட்டு வாங்க வேண்டும். அக்காவுக்கும் மாமாவுக்கும் பாதிக் கட்டண அட்டை என்று எழுதி அனுப்பினேன். அம்மாவுக்கும் அதுவேதான் லாபம். முதலில் அதைத்தான் எழுதினேன், பிறகு அடித்துவிட்டு முதல் மூன்று நாளுக்குப் பாஸ் என்று மாற்றினேன்.

அம்மாவிடம் போனைக் கொடுத்தாள். பாஸ், அட்டை எதுவும் அவர் கேட்கவில்லை. "அந்தக் கப்பல் இதுல வருமாடா?" என்றார்.

வரும்மா. எத்தனை தடவை வேண்டுமானாலும்.